மஞ்சள் பைக்கு இரண்டு காது

“அண்ணே, வெறுங்கையை வச்சிராதீங்க. பென்சன் வாங்குற கை, மாசாமாசம் கையெழுத்துப் போட வேணும்ல?”

போடிமெட்டு மலைச்சாலையின் எட்டாவது வளைவுக்குக் கீழே, ஏலச்செடிகளுக்கு நடுவில் குந்தியிருந்த சத்தியநேசன் திரும்பிப் பார்க்கவில்லை. பேசியது பொன்னுமணி. சாலையோரம் நிறுத்திய ஜீப்பில் சாய்ந்துகொண்டு கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அந்த ஜீப்பில் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுவாள். எட்டு மணிக்கு மேல் அதே ஜீப்பில் சத்தியநேசனை ஏற்றுவாள். முதலாவது சோறு போடுகிற சோலி, இரண்டாவது வாய்க்கு ருசியான சோலி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். ஜீப்புக்கு வருமுன் பதினான்கு வருஷம் குடோன்களில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்தவள். அந்தக் கையும் வாயும் அங்கே பழகியவைதான்.

சத்தியநேசன் முப்பத்திரண்டு வருஷம் சுகாதார ஆய்வாளர். ஓய்வு பெற்ற மறுமாதமே ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார். களவு போன மோட்டாருக்கு வந்தார்கள், ஓடிப்போன மாப்பிள்ளைக்கு வந்தார்கள். அதைவிட அதிகமாக, ஏதாவது ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ‘இது சரிதானா பாருங்க இன்ஸ்பெக்டர்’ என்று டீக்கடைக்கே வந்தார்கள். அவரும் பார்ப்பார். போடியில் அவருடைய ‘சரி’ வாங்காத தாளே கிடையாது என்று பொன்னுமணி கேலி செய்வாள்.

அவர் முன்னால் கிடந்தது ஒரு மஞ்சள் பை. ஆஸ்பத்திரிக் கழிவு கட்டுகிற பை. போன சனிக்கிழமை களையெடுக்க வந்த சிவரஞ்சனி அதை மிதித்துவிட்டாள். உள்ளங்காலில் ஊசி ஏறியது. இருபத்து மூன்று வயசு, கைக்குழந்தைக்காரி. அன்றைக்கே தேனிக்குத் தூக்கிப்போய், எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் இருக்க மாத்திரை ஆரம்பித்தார்கள். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அந்த மாத்திரைக்குப் பலன். அப்படியும் ஆறு வாரம் கழித்து ரத்தம் என்ன சொல்லும் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கவே பயந்து அழுகிறாள் அவள்.

போலீஸ்காரர் வந்து பையைச் சுற்றி நாலு கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார். தடயத்துக்குப் பாதுகாப்பாம்!

“கேரளாக்காரன் கொட்டிட்டான்னு மொத நாளு எப்பிடிக் குதிச்சாங்க தெரியுமா?” என்றாள் பொன்னுமணி. “மறியல் பண்ணக் கொடியெல்லாம் கொண்டாந்துட்டாங்க. பையில ஒட்டுன ஸ்டிக்கர்ல நம்ம ஷீலா டாக்டர் நர்சிங் ஹோம் பேரு இருந்துச்சு. கொடியைச் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டு வந்த பஸ்சுலயே ஏறிட்டாங்க.”

சத்தியநேசனின் கைப்பேசி அடித்தது. ஷீலா டாக்டரேதான். இந்த வேலையை அவருக்குக் கொடுத்தவர்.

“சார், எங்க துப்புரவுக்காரி பையை எந்தப் பழைய சாமான் கடையில வித்தாள்னு கண்டுபிடிச்சீங்களா? மூணு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து அதிகாரி வர்றாங்க. அவங்க முன்னாடி நான் போலீஸ் புகார்ல கையெழுத்துப் போடணும். செல்லக்கிளி பேரை டைப் பண்ணியே வச்சாச்சு.”

“அவதான்னு முடிவே பண்ணிட்டீங்களா டாக்டர்?”

“வேற யாரு? பையைக் கட்டி ஸ்டிக்கர் ஒட்டுறது அவ. கழிவை எடுக்குற கம்பெனிக்குக் கொடுக்காம வெளிய வித்திருக்கா. சனிக்கிழமை சஸ்பெண்ட் பண்ணேன். அன்னையில இருந்து போனும் எடுக்கல, வீட்லயும் ஆளில்ல. ஓடிட்டா.”

“கம்பெனிக்காரன் ஒழுங்கானவனா?”

“விசாரிச்சுத்தான் சார் சேர்த்தேன். முறையான அனுமதி உள்ள கம்பெனி. ஃபைல் என் மேசையிலயே இருக்கு.”

போன் வைக்கப்பட்டது. செல்லக்கிளியை சத்தியநேசனுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஊர் ஆஸ்பத்திரிகளின் துப்புரவாளர்களைக் கூட்டி, எந்த நிறப் பையில் எதைப் போட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று பயிற்சி கொடுத்தவர் அவர்தான். கடைசி வரை உட்கார்ந்து, தப்பாகக் கட்டியதைப் பிரித்துப் பிரித்துக் கட்டிப் பழகியவள் அவள் ஒருத்தி. புருஷன் இல்லை. மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். போலீஸ் புகாரில் பெயர் ஏறினால் இந்த ஜில்லாவில் எந்த ஆஸ்பத்திரியும் அவளிடம் துடைப்பத்தைக்கூடக் கொடுக்காது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதெல்லாம் இந்த மாதிரி ஆட்களுக்காகவே சொல்லி வைத்ததுதானே!

மணி பத்தரை. அவர் கையுறை மாட்டி, ஒரு குச்சியால் பையைப் புரட்டினார்.

“பொன்னு, இங்க வா. இந்தக் கட்டைப் பாரு.”

அவள் கொய்யாவை எறிந்துவிட்டு இறங்கி வந்தாள். குனிந்தவள், சட்டென்று சிரித்தாள்.

“இதென்னண்ணே, பைக்குக் காது வச்சிருக்கு!”

பையின் வாயை ஒன்றாகச் சுருட்டிக் கட்டவில்லை. இரண்டு ஓரத்தையும் தனித்தனியாக இழுத்து, பிடிப்பதற்குத் தோதாக இரண்டு காது வைத்து, சணலால் இறுக்கியிருந்தது.

“ஆஸ்பத்திரியில எப்பிடிக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன் தெரியுமா? கோழிக் கழுத்தைத் திருகுற மாதிரி ஒரே திருகு. மடிச்சு, பிளாஸ்டிக் பூட்டு மாட்டணும்.”

“இது மூட்டைக் கட்டுண்ணே. ஏலக்காய் மூட்டைக்கு லோடுமேன் பிடிக்கக் காது வைப்போம். குடோன்ல வேலை பாத்தவ எதைக் கொடுத்தாலும் இப்பிடித்தான் கட்டுவா. நான் எம் மவ ஸ்கூல் பையையே இப்பிடிக் கட்டி அவகிட்ட வாங்கிக் கட்டியிருக்கேன்.” அவள் இன்னும் குனிந்தாள். “சணலோட ஒரு நீல நூலு ஓடுது பாருங்க. ஏலத்துக்குப் போற எடத்துல மூட்டை மாறிறக் கூடாதுன்னு ஒவ்வொரு குடோனும் ஒரு கலர் வச்சிருக்கும்.”

“நீலம் யாருது?”

“இருங்க, இருங்க. இன்னொண்ணு பாத்தீங்களா?” குச்சியை வாங்கிப் பையின் கிழிசலை விரித்தாள். ரத்தக்கறை படிந்த பஞ்சு, துணிக்கட்டு, ஊசிகள். “ஊசி இருக்கு, ஊசி மாட்டுற குழாய் ஒண்ணுகூட இல்ல. சலைன் பாட்டிலும் இல்ல. வெல போற பிளாஸ்டிக்கை ஒருத்தி உக்காந்து பொறுக்கி எடுத்திருக்கா. பொறுக்குன எடமும் குடோன்தான். அடியில கெடக்கே, அது என்ன?”

பழுப்பு நிறத்தில் மெல்லிய துணுக்குகள். சத்தியநேசன் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். ஏலக்காய்.

“இங்க சுத்தி ஏலச்செடிதானே பொன்னு. இதுல என்ன அதிசயம்?”

“முப்பத்திரண்டு வருஷம் கவருமெண்டு சம்பளம் வாங்கி என்ன பிரயோசனம்! செடியில இருக்குறது பச்சைக் காய். இது காய வச்சு, உரசி உதிர்ந்த காம்பு. மலை மேல ஏறி வந்து உதிருமாக்கும்? இந்தப் பையி குடோன் தரையில உக்காந்துட்டுத்தாண்ணே மலைக்கு வந்திருக்கு.”

சத்தியநேசன் எழுந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. மனசுக்குள் ஒரு சந்தோஷம், ஒளிப்பானேன்! செல்லக்கிளி தப்பித்தாள் என்றே நினைத்துவிட்டார் மனுஷன்.

“சித்திரை மாசம் பொன்னு. காய் சீசன் முடிஞ்சு போச்சு. இப்ப எந்தக் குடோன் திறந்திருக்கும்?”

பொன்னுமணி ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே யோசித்தாள். ஆறாவது வளைவு தாண்டும்போது ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினாள்.

“ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னாடி வேலுச்சாமி குடோன்! நீல நூலும் அவனுதுதான். காலைல மலைக்கு ஆள் ஏத்தப் போறப்ப, தூக்குச்சட்டியோட பொம்பளைக அந்தப் பக்கம் போறதைத் தெனமும் பாக்குறேன். காயே இல்லாத மாசத்துல என்னத்தைப் பிரிக்குதுகன்னு ஒரு நாளாச்சும் எனக்குத் தோணுச்சா பாருங்க. அவன் இப்ப ஏல யாவாரத்தை விட்டுட்டு ஏதோ கம்பெனி வச்சிருக்கானாம்ல?”

“என்ன கம்பெனி?”

“ஆஸ்பத்திரிக் குப்பை எடுக்குற கம்பெனி” என்றவள் பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த லாரிக்காரன் அவளுடைய பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான்.

சத்தியநேசன் உடனே வாரியத்து அதிகாரி சுகன்யாவுக்குப் போன் போட்டார். நர்சிங் ஹோமுக்குப் போக வேண்டாம், நேராக ஸ்டேஷனுக்குப் பின்னால் வாருங்கள், டாக்டரையும் ஃபைலோடு வரச் சொல்லுங்கள் என்றார். மதுரையில் இருந்து பன்னிரண்டுக்குக் கிளம்புவதாகவும் இரண்டரைக்கு வந்துவிடுவதாகவும் பதில் வந்தது.

இரண்டே காலுக்கு ஜீப்பைப் புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். தகரக் கதவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு திட்டிவாசல். பொன்னுமணி சேலையை இழுத்துச் செருகினாள்.

“நான் உள்ள போறேன். ‘சித்திரையில சோறு இல்லாம கெடக்கேன் ஆத்தா, ஒரு சோலி குடு’ன்னு கேட்டா எந்தக் குடோன்காரியும் கதவைத் திறப்பா. நீங்க இங்கனயே இருங்க. உங்க மீசையைப் பாத்தா கவருமெண்டு வந்திருச்சுன்னு ஓடிருவாளுக.”

பத்து நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்த பொன்னுமணியின் முகத்தில் சிரிப்பு இல்லை. நாலு வருஷமாக அவளோடு அலைகிறார் சத்தியநேசன். கேலி பேசாமல் அவள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

“பதினஞ்சு பேரு உக்காந்திருக்காளுக. காய் பிரிக்கிற அதே முறம், அதே சல்லடை. சிரிஞ்சி ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், ரப்பர் குழாய் ஒரு பக்கம். ஒருத்தி கையிலயும் உறை கெடையாது. விரல் பூராம் துணி சுத்தியிருக்கு. கல்யாணத்துல வாழைப்பழம் சீப்பு பிரிக்கிற மாதிரி பேசிக்கிட்டே பிரிக்கிறாளுகண்ணே. ஊசின்னா ஊசிதானேன்னு நெனைக்கிறாளுக. அதுல என்ன ஒட்டியிருக்குன்னு எவனும் சொல்லல.” அவள் மூச்சு வாங்கினாள். “கடைசி வரிசையில செல்லக்கிளி இருக்கா. மடியில ஷீலா டாக்டரு பையி.”

சத்தியநேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் அதிகாரி வந்துவிடுவார். டாக்டர் வந்துவிடுவார். யாரைக் காப்பாற்ற இந்தக் குடோனைத் தேடிக் கண்டுபிடித்தாரோ, அவளே நர்சிங் ஹோம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையும் களவுமாக!

“பின்னாடி ஒரு வாசல் இருக்கு. வெரசா அவளை அனுப்பிரலாம்ணே. நமக்கு எதுக்கு வம்பு?”

“அனுப்பிட்டா அவ ஓடிப்போனவதான்னு ஆயிரும்” என்றபடி சத்தியநேசன் உள்ளே நுழைந்தார்.

ஏலக்காய் வாசனையும் மருந்து நெடியும் கலந்து குமட்டியது. அவரைப் பார்த்ததும் செல்லக்கிளி எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள். அவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

“எப்ப வந்தே?”

“திங்கக்கிழமை சார். ஏலக்காய் பிரிக்கிற சோலின்னுதான் கூப்ட்டாங்க. உக்காந்து பாத்தா எங்க வார்டு பையி. எனக்குப் பதிலா வந்த பிள்ளை கட்டுன பையி. எனக்குத் தெரியாதா சார்?”

“உடனே டாக்டர்ட்ட ஓடி வந்து சொல்லியிருக்கலாம்ல?”

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். “யாருகிட்ட சொல்ல? நீயே வித்துட்டு இப்ப வழி காட்டுறியான்னு கேப்பாங்க. ஒம்பது வருஷம் வேலை பாத்த என்னை ஒரு வார்த்தை கேக்காம வெளிய அனுப்புனாங்க சார். இங்க வராட்டி அடுப்பு எரியாது. அதான் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“எந்திரிச்சுப் போயிறாத. இங்கயே இரு” என்றார்.

“இருந்தா மாட்டிக்கிருவேன் சார்.”

“போனாத்தான் மாட்டிக்கிருவே. என்னை நம்பு.”

‘என்னை நம்பு’ என்ற வார்த்தையை எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டார்! இன்னும் அரை மணி நேரத்தில் அது அவர் தொண்டையிலேயே முள்ளாகக் குத்தப்போகிறது என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா?

இரண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. முதலாவதில் சுகன்யா, கூட ஒரு போலீஸ்காரர். அடுத்ததில் ஷீலா டாக்டர், மார்போடு அணைத்த ஃபைலோடு. சத்தம் கேட்டு அலுவலக அறையில் இருந்து வேலுச்சாமி வெளியே வந்தான். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. சத்தியநேசனைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“இன்ஸ்பெக்டர் சாரா! வாங்க வாங்க. நம்ம கம்பெனி உங்க ஆசீர்வாதத்துலதானே ஓடுது!”

எதற்கு இந்த ஆள் இப்படிக் குழைகிறான் என்று சத்தியநேசன் யோசிக்குமுன் டாக்டரின் குரல் குடோனை நிறைத்தது.

“பாத்தீங்களா மேடம்! நான் சொல்லல? பையோட உக்காந்திருக்கா பாருங்க! இதைவிட என்ன சாட்சி வேணும்?”

செல்லக்கிளி சத்தியநேசனைப் பார்த்தாள். இதற்குத்தான் இருக்கச் சொன்னாயா என்று கேட்கிற பார்வை.

“ஒரு நிமிஷம் டாக்டர்” என்றார் அவர். “மேடம், மலையில கெடந்த பையோட போட்டோ உங்ககிட்ட இருக்கும். கட்டை நல்லாப் பாருங்க. பொன்னு, நாலு காலிப் பையைக் கொண்டா.”

பொன்னுமணி நாலு மஞ்சள் பையைக் கொண்டுவந்து நாலு பேரிடம் கொடுத்தாள். செல்லக்கிளியும் ஒருத்தி.

“ஒண்ணும் யோசிக்காதீங்க. தெனமும் கட்டுற மாதிரி கட்டுங்க.”

மூன்று பெண்கள் பையின் ஓரங்களை இழுத்தார்கள். மூன்று பைக்கும் இரண்டிரண்டு காது முளைத்தது. செல்லக்கிளி பையின் வாயைச் சேர்த்துப் பிடித்துக் கோழிக் கழுத்தாக ஒரே திருகு திருகினாள், மடித்தாள், பிளாஸ்டிக் பூட்டுக்காக அவள் கை தானாகவே தரையைத் தேடியது. பூட்டு அங்கே ஏது? அந்தக் கை வெறுமனே தரையைத் தடவியதைப் பார்த்தபோது பொன்னுமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மலையில கெடந்தது காது வச்ச பை மேடம். இவ கட்டுனது இல்ல. இவ கட்டிக் கொடுத்ததைக் கம்பெனி வண்டி எடுத்துட்டு வந்து, இங்க பிரிச்சு, திரும்பக் கட்டி மலையில எறிஞ்சிருக்கு.”

சுகன்யா குனிந்து, குவியலில் இருந்து ஒரு பையின் ஸ்டிக்கரைப் படித்தார். “நேத்து தேதி. உங்க நர்சிங் ஹோம்தான் டாக்டர். நேத்து இந்தம்மா உங்க வேலையில இல்லையே. அப்ப யார் இங்க கொண்டாந்து வித்தது?”

டாக்டருக்கு முகம் வெளுத்தது. குரல் இறங்கியது. “எனக்கு எப்படி மேடம் தெரியும்? நான் அனுமதித் தாள் பாத்துத்தானே சேர்த்தேன்?”

“அந்தத் தாளைக் காட்டுங்க.”

“நான் மட்டுமா பாத்தேன்? எனக்கு இதெல்லாம் புரியாதுன்னு, விஷயம் தெரிஞ்சவர்கிட்ட அனுப்பி வச்சு, அவர் சரின்னு சொன்ன பிறகுதான்…” டாக்டர் ஃபைலைத் திறந்து நீட்டினார். “அவரே இங்க நிக்கிறாரே. கேளுங்க.”

தாளின் ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தது. ‘பார்த்தேன். சரி.’ கீழே ஒரு கையெழுத்து. அதை வேறு யாருடையது என்று சொல்ல சத்தியநேசனால் முடியாது. முப்பத்திரண்டு வருஷம் பச்சை மையில் போட்ட கையெழுத்து.

ஞாபகம் வந்தது. ரொம்ப நாள் இல்லை, இரண்டு வருஷம்தான். பெரியாஸ்பத்திரி எதிரே டீக்கடை. நர்சிங் ஹோமில் இருந்து ஒரு பையன் தாளைக் கொண்டுவந்தான். இடது கையில் டீ. தாளை ஸ்கூட்டர் சீட்டில் விரித்து வைத்தார். மேலே கம்பெனி பெயர் இருந்தது, கீழே வட்டமாக ஊதா முத்திரை இருந்தது. ஆறிப்போகுமுன் டீயைக் குடிக்க வேண்டியிருந்தது.

“முத்திரைக்கு மேல ஒரு வரி இருக்கு. சத்தமாப் படிங்க” என்றார் சுகன்யா. சத்தியநேசனின் மகள் வயசுதான் அவருக்கு இருக்கும்.

சத்தியநேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “தங்கள் விண்ணப்பம் பெற்றுக்கொள்ளப்பட்டது. பரிசீலனைக்குப் பின் முடிவு தெரிவிக்கப்படும்.”

“இது அனுமதி இல்ல. மனு கொடுத்ததுக்கு ரசீது. அந்த மனுவை மூணே மாசத்துல தள்ளுபடி பண்ணிட்டோம். ஒரே ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்போம். அனுமதி இருக்குற நிலையம் எது எதுன்னு பட்டியல் எங்க ஆபீஸ் வாசல்லயே ஒட்டியிருக்கு. வண்டி எங்க போகுது, எந்த நிலையத்துல எரிக்கிறாங்க, அங்க வாங்கிக்கிட்டதுக்குச் சீட்டு எங்கன்னு ரெண்டு வருஷமா ஒருத்தர்கூடக் கேக்கலையா டாக்டர்?”

பதில் சொன்னது வேலுச்சாமி. போலீஸ்காரர் அவன் தோளில் கை வைத்துவிட்டதால் இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது போலும்.

“கேக்க மாட்டாங்க மேடம். இது போடி. முழு மூட்டையைப் பிரிச்சுப் பாத்து எவனாச்சும் வாங்கியிருக்கானா? ஒரு கை சாம்பிளை மோந்து பாப்பான், கடிச்சுப் பாப்பான், லோடையே எடுத்துருவான். மொத வாரம் புது வண்டியை வாடகைக்குக் கொண்டாந்து நிறுத்துனேன். ஆளுங்களுக்குத் தொப்பி, கையுறை, பூட்ஸு. டாக்டரம்மா வாசல்ல நின்னு போட்டோகூட எடுத்துக்கிட்டாங்க. சாம்பிளு நல்லா இருந்துச்சு, அம்புட்டுத்தான். அதுக்கு மேல இன்ஸ்பெக்டர் சார் ‘சரி’ன்னு எழுதிட்டாரு. அந்த ஒரு தாளைக் காட்டியே இன்னும் ஆறு ஆஸ்பத்திரியைப் பிடிச்சேன். நான் ஒருத்தன் பண்ணுன தப்பா இது?”

அயோக்கியப் பயல்தான். ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தைக்கும் அங்கே மறுப்பு இல்லை. அதுதான் கசப்பு.

சத்தியநேசன் டாக்டரின் ஃபைலில் இருந்து டைப் செய்த புகாரை உருவினார். செல்லக்கிளி என்ற பெயரை அடித்தார். மேலே வேலுச்சாமி என்று எழுதினார். அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதினார்.

“அண்ணே!” என்றாள் பொன்னுமணி.

“பாக்காமலே பார்த்தேன்னு எழுதியிருக்கேன் பொன்னு. சிவரஞ்சனி காலுல ஏறுன ஊசிக்கு வழி விட்டவன் நான்தான்.”

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு செல்லக்கிளி பக்கம் திரும்பினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு டூட்டிக்கு வந்துரு.”

செல்லக்கிளி எழுந்து நின்றாள். வலது கைக் கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. அதை அவள் சேலைக்குள் மறைத்ததை சத்தியநேசன் பார்த்துவிட்டார்.

“அது என்ன?”

“ஒண்ணுமில்ல சார்.”

“எப்ப குத்துச்சு? மறைக்காமச் சொல்லு!”

“மொத நாளே. திங்கக்கிழமை சாயந்தரம், வீட்டுக்குக் கிளம்புற நேரம். ஆறு மணி இருக்கும்.”

இன்றைக்கு வியாழக்கிழமை. மணி மூன்று பத்து. எழுபத்திரண்டு மணி நேரத்தில் மிச்சம் இருப்பது மூன்று மணிக்கும் குறைவு. சனிக்கிழமை இவளை வேலையை விட்டு நிறுத்தாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை இங்கே வந்திருக்க மாட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு வரி படித்திருந்தால் நிறுத்தியிருக்கவே மாட்டார்கள். கணக்கு அவருக்கு நன்றாகவே புரிந்தது.

“பொன்னு, ஜீப்பை எடு! தேனிக்கு! மேடம், மத்த பொம்பளைகளையும் யாருக்கு எப்ப குத்துச்சுன்னு கேட்டு உடனே பின்னாடி அனுப்புங்க!”

ஏறப்போனவளிடம் டாக்டர் மறுபடியும் சொன்னார். “நாளைக்கு வந்துருவேல்ல?”

“ஆறு வாரம் கழிச்சு எம் ரத்தம் என்ன சொல்லுதுன்னு பாப்போம் டாக்டரம்மா. அப்பறம் நான் சொல்றேன்.”

தேனிச் சாலையில் பொன்னுமணி ஓட்டிய ஓட்டத்தில் எதிரே வந்த பஸ்சுகள் ஒதுங்கி நின்றன. நாலே முக்காலுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் முதல் மாத்திரை செல்லக்கிளியின் வாய்க்குள் போனது. இருபத்தெட்டு நாளைக்குத் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். நர்ஸ் ரத்தம் எடுத்தார். எடுத்த ஊசியை வெட்டி, மேசையில் இருந்த வெள்ளை டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

செல்லக்கிளி அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த ஊசி எங்க சார் போகும்?”

‘சரியான இடத்துக்குத்தான் போகும்’ என்று சத்தியநேசனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் அப்படி. பல்லைக் கடித்து விழுங்கினார்.

“எனக்குத் தெரியாதும்மா.”

பின்கட்டில் ஒரு மூடிய வண்டி நின்றது. ஆட்கள் மஞ்சள் பைகளையும் வெள்ளை டப்பாக்களையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பைகள் எல்லாம் கோழிக் கழுத்தாகத்தான் திருகியிருந்தன. டிரைவர் கேட்காமலே ஒரு உறையை எடுத்து நீட்டினார். அனுமதிக் கடிதம், முத்திரை, எல்லாம் இருந்தது. சத்தியநேசன் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை இரண்டு தடவை படித்தார். அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு விசாரித்தார். உறையைத் திருப்பிக் கொடுத்தார். ‘சரி’ என்று மட்டும் சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. அவர் ஜீப்பில் ஏறினார். பின்னால் செல்லக்கிளி முந்தியே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டுல மக தேடாதா?”

“போன் பண்ணிட்டேன். நானும் பாக்கணும் சார்.”

பொன்னுமணி சாவியைத் திருகினாள். “அண்ணே, அவங்க பேப்பரெல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?”

“இருக்கட்டும். நீ அந்த வண்டி பின்னாலயே போ.”